அப்பா ரத்தத்துல 29, உலகம் விடுற புகையில 10 தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல பருவநிலை மாற்றம் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல, ஆனா நடுவுல ஒரு வரி, நிலக்கரி எண்ணெய் எரிவாயு எல்லாம் எரிக்கிறதால வருஷத்துக்கு சுமார் 10 பிஜி கார்பன் காத்துல கலக்குதுன்னு இருந்துச்சு. பிஜின்னா என்னன்னு மேலயும் சொல்லல, கீழயும் சொல்லல.

எங்க அப்பாவுக்கு 78 வயசு. பேப்பர்ல டெண்டர் நோட்டீஸ் கூட விடாம படிக்கிற ஆள். அன்னிக்குன்னு பாத்து முந்தின நாள் எடுத்த அவரோட ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டும் மேஜை மேலயே கிடந்துச்சு, அதுல எம்சிஎச்னு ஒரு வரி, பக்கத்துல 29 பிஜி. மனுஷன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கொஞ்ச நேரம் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏன்டா, என் ஒருத்தன் ரத்தத்துலயே 29 பிஜி இருக்குன்னு போட்டிருக்கான், உலகம் பூரா சேந்து புகை விட்டும் 10 தானா? இதுக்கா இந்த அலறல் அலர்றாங்க?"

நான் சிரிச்சுட்டேன். அப்புறம் யோசிச்சா அவர் மேல ஒரு தப்பும் இல்ல. ரிப்போர்ட்ல இருக்கறது சின்ன எழுத்து பி, அது பிக்கோகிராம், ஒரு கிராமை லட்சம் கோடி பங்கா போட்டா அதுல ஒரு பங்கு. உங்க கட்டுரையாளர் எடுத்த இங்கிலீஷ் மூலத்துல இருந்திருக்கறது பெரிய எழுத்து பி, அது பெட்டாகிராம், 1 போட்டு பின்னாடி 15 சைபர் கிராம், அதாவது 100 கோடி டன். தமிழ்ல ஏது பெரிய எழுத்து சின்ன எழுத்து, ரெண்டும் பிஜி ஆயிடுச்சு. இந்த ரெண்டு பிஜிக்கும் நடுவுல 27 சைபர் இருக்கு சார். இந்த பூமி மொத்தத்தோட எடையே கிராம்ல சொன்னா 6 போட்டு 27 சைபர் தான். அப்படின்னா ஒரு கிராமுக்கும், பூமியை ஆறு துண்டா போட்டா அதுல ஒரு துண்டுக்கும் எவ்ளோ வித்தியாசமோ அவ்ளோ வித்தியாசம், ஒரு எழுத்து பெருசா சிறுசாங்கறதுல போயிடுச்சு.

நான் எடை மெஷின் சர்வீஸ் பண்றவன், 22 வருஷமா இதான் தொழில். காலைல லாரி எடை போடுற வே பிரிட்ஜ்ல கிரீஸ் கையோட இருப்பேன், மத்தியானம் கையைக் கழுவிட்டு லேப்ல அனலிட்டிகல் பேலன்ஸ் (கண்ணாடி பொட்டிக்குள்ள இருக்கற நுணுக்கமான தராசு) முன்னாடி மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன், மூச்சு பட்டா கூட கடைசி நம்பர் ஆடும். அதனால இந்த விஷயம் எனக்கு கொஞ்சம் ஓவராவே உறுத்துது, நீளமா எழுதறதுக்கு மன்னிக்கணும்.

வே பிரிட்ஜ் 60 டன் வரைக்கும் எடை போடும், ஆனா அது 10 கிலோ 10 கிலோவாத்தான் நகரும். நடுவுல 4 கிலோ ஏத்தினாலும் இறக்கினாலும் அதுக்குத் தெரியாது. 60,000 கிலோவை 10-ஆல வகுத்தா 6,000 படி. அந்த லேப் பேலன்ஸ் மொத்தமே 220 கிராம் தான் தாங்கும், ஆனா ஒரு கிராம்ல பத்தாயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் காட்டும், கணக்கு போட்டா 22 லட்சம் படி. பாக்கறதுக்கு பெருசா கம்பீரமா நிக்கிறது வே பிரிட்ஜ், நுணுக்கம் பூரா அந்த கண்ணாடி பொட்டிக்குள்ள.

இதை எதுக்கு சொல்றேன்னா, யூனிட் மாத்தறப்ப புது விவரம் ஒண்ணும் முளைக்காது. வே பிரிட்ஜ்ல 24,370 கிலோன்னு வந்ததை கிராமுக்கு மாத்தி 2,43,70,000 கிராம்னு எழுதினா அந்த கடைசி நாலு சைபரும் அளந்து வந்ததில்ல, நாம ஒட்ட வச்சது. உங்க பேப்பர்லயும் இது வருது, வெளிநாட்டு செய்தில "சுமார் 1,10,000 பவுண்டு"ன்னு உத்தேசமா சொன்னதை நீங்க "49,895 கிலோ"ன்னு போடறீங்க. கணக்கு சரிதான், பவுண்டுக்கு 0.45359237 கிலோ, பெருக்கினா அதான் வருது. ஆனா அவன் குத்துமதிப்பா சொன்னதுக்கு நீங்க கிலோ சுத்தமா கணக்கு குடுத்தா எப்படி, சுமார் 50 டன்னு போட்டா போதாதா.

சரி அப்பா கதைக்கு வரேன். அவருக்கு வாயால சொன்னா நம்ப மாட்டார், கணக்கு போட்டுக் காட்டணும். போன் கால்குலேட்டர்ல போட்டா 2.9ஈ-17 ன்னு வந்துச்சு (29 பிக்கோகிராமை டன்னுக்கு மாத்திப் பாத்தேன், சும்மா; ஈ-17ன்னா புள்ளிக்குப் பின்னாடி 16 சைபர் போட்டு அப்புறம் 29), "நம்பருக்கு நடுவுல ஈ வந்து உக்காந்திருக்கு பாரு"ன்னார். போனை மூடி வச்சுட்டு பேப்பர் பென்சில் எடுத்தோம்.

படிக்கட்டு மாதிரி எழுதினேன். கீழ இருந்து மேல பிக்கோகிராம், நானோகிராம், மைக்ரோகிராம், மில்லிகிராம், கிராம், கிலோ, டன், கிலோ டன், மெகா டன், ஜிகா டன். பத்து பேரு, நடுவுல ஒன்பது படி, ஒவ்வொரு படியும் ஆயிரம் மடங்கு, அதாவது மூணு மூணு சைபர், ஒன்பது மூணு இருபத்தேழு. மேல சொன்ன 27 சைபர் இதான், பெட்டாகிராம்ங்கறதும் ஜிகா டன்ங்கறதும் ஒரே எடைதான், பேரு தான் வேற. விஞ்ஞானிகள் ஒருத்தர் அப்படி எழுதுவார் இன்னொருத்தர் இப்படி எழுதுவார்.

நம்மாளுங்க இங்கதான் வழுக்கி விழறாங்க. யூனிட்டு மூணு மூணு சைபரா ஏறுது, நம்ம வாய் ஆயிரத்துக்கு அப்புறம் ரெண்டு ரெண்டா ஏறுது, ஆயிரம், லட்சம், கோடி. ரெண்டு படிக்கட்டும் வேற வேற உயரம், ஒரு கால் இதுல ஒரு கால் அதுல வச்சா இடறத்தான் செய்யும். நான் பண்றது என்னன்னா நடுவுல லட்சம் கோடி பேச்சே எடுக்கறதில்ல, படிய மட்டும் எண்ணி மூணால பெருக்கி சைபரா வச்சுக்குவேன், எல்லாம் முடிஞ்சப்புறம் ஏழு சைபரைக் கழட்டிட்டு கோடின்னு போட்டுக்குவேன். ஒரு டன்னுல எத்தன மைக்ரோகிராம்? டன்ல இருந்து நாலு படி கீழ, பன்னெண்டு சைபர், ஏழைக் கழட்டினா அஞ்சு மிச்சம், லட்சம் கோடி. அவ்ளோதான்.

இப்ப ரிப்போர்ட். எம்சிஎச்ங்கறது ஒரே ஒரு சிவப்பு அணுவுக்குள்ள இருக்கற ஹீமோகுளோபினோட எடை. அப்பாவுக்கு 29 பிக்கோகிராம். அதே ரிப்போர்ட்ல இன்னொரு வரில ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 50 லட்சம் சிவப்பு அணுன்னு இருக்கு, மைக்ரோலிட்டர்னா குண்டூசி தலை அளவு சொட்டு. 29-ஐ 50 லட்சத்தால பெருக்கினா 14 கோடியே 50 லட்சம் பிக்கோகிராம். ஒரு படி ஏத்தினா 1,45,000 நானோகிராம், இன்னொரு படி ஏத்தினா 145 மைக்ரோகிராம். இது ஒரு மைக்ரோலிட்டருக்கு. ஒரு லிட்டர்ல மைக்ரோலிட்டர் 10 லட்சம், அப்ப லிட்டருக்கு 145 கிராம், நூறு மில்லிக்கு 14.5 கிராம். "இப்ப ரிப்போர்ட்ல முதல் வரி பாருங்கப்பா"ன்னேன். ஹீமோகுளோபின் 14.5. அப்பா கண்ணாடியைக் கழட்டி துடைச்சுட்டு திரும்ப ஒருதரம் பாத்தார்.

நியாயமா சொல்லணும்னா இதுல மாயம் ஒண்ணும் இல்ல, மெஷினே ஹீமோகுளோபினை அணு எண்ணிக்கையால வகுத்துத்தான் அந்த 29-ஐ போடுது, ஒத்துப்போகலன்னாத்தான் மெஷினை சந்தேகப்படணும். ஆனா கண்ணுக்கே தெரியாத பிக்கோகிராம்ல ஆரம்பிச்சு உடம்புல ஓடுற அஞ்சு லிட்டர் ரத்தத்துக்கு கணக்கு போட்டா முக்கா கிலோ கிட்ட, 725 கிராம் வருது, அதை அந்த மனுஷன் முகத்துல பாத்திருக்கணும் நீங்க.

அடுத்து உங்க 10. 10 பெட்டாகிராம்னா 10 ஜிகா டன், ஆயிரம் கோடி டன். இது வெறும் கார்பன் மட்டும். அதையே கார்பன் டை ஆக்சைடா சொல்லணும்னா 44-ஐ 12-ஆல வகுத்து வர்ற 3.67-ஆல பெருக்கணும், ஏன்னா ஆக்சிஜன் எடையும் சேருது, அப்ப 37 ஜிகா டன் கிட்ட வருது. அதனாலதான் ஒரு நாள் பேப்பர்ல 10-ன்னு வருது இன்னொரு நாள் 37-ன்னு வருது, ரெண்டும் ஒரே புகைதான், எதை எடை போட்டோம்ங்கறது வேற. படிக்கறவன் என்ன நினைப்பான், ஒரு மாசத்துல நாலு மடங்கு ஆயிடுச்சேன்னு நினைப்பான்.

"3,700 கோடி டன்னா எவ்ளோடா"ன்னார். மனுஷங்களை வச்சு சொன்னேன். உலகத்துல 800 கோடி பேர் சொச்சம், தலைக்கு 60 கிலோன்னு வச்சா கூட (குழந்தைங்களும் இருக்காங்க, நிஜத்துல இன்னும் கம்மியாத்தான் இருக்கும்) மொத்தம் 48 கோடி டன், அரை ஜிகா டன் கூட இல்ல. நாம எல்லாரும் சேந்து ஒரு வருஷத்துல விடற புகை நம்ம எல்லாரோட எடையப் போல 77 மடங்கு. அதுக்கப்புறம் அவர் 29-ஐப் பத்தி பேசல.

நான் விட்டேனா, பென்சில் கைல இருந்ததால அடுத்து அயோடின் போட்டேன். பெரியவங்க ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேணும். 800 கோடி பேருக்கும் அதே அளவுன்னு வச்சா 1,20,000 கோடி மைக்ரோகிராம். பாத்தாலே மலைப்பா இருக்கு, நாலு படி ஏறினா 1.2 டன். மொத்த உலகத்துக்கும் ஒரு நாளைக்கு ஒரு சின்ன வண்டி லோடு! விட்டமின் பி12 இன்னும் மோசம், தலைக்கு 2.4 மைக்ரோகிராம், உலகத்துக்கே 19.2 கிலோ, ஒரு ஆள் தோள்ல போட்டுட்டு நடந்துடலாம். எனக்கே நம்பிக்கை வராம ரெண்டு தடவ படி எண்ணினேன்.

இனிமே தான் முக்கியமான புகார். உங்க பேப்பர்ல "மி." ன்னு ஒரு எழுத்தைப் பிடிச்சுட்டு அதை வச்சே எல்லா வேலையும் பாக்கறீங்க. மி.கி.ன்னா மில்லிகிராம், சரி. மி.டன்னா மில்லியன் டன். அடுத்த பக்கத்துல மெ.டன், அது மெட்ரிக் டன், ஆனா மெகா டன்னும் அதே மெ தானே. மெட்ரிக் டன்னா சாதா ஆயிரம் கிலோ, மெகா டன்னா 10 லட்சம் டன். இதுக்கு மேல அமெரிக்க செய்தில வர்ற டன் 907 கிலோ, பழைய பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ, அது தனிக் கூத்து.

மில்லியும் மில்லியனும் ஒரே வேர்ல இருந்து வந்த சொல்லு தான், ஆயிரம்ங்கற லத்தீன் சொல்லு. ஒண்ணு ஆயிரத்துல ஒரு பங்கு, இன்னொண்ணு ஆயிரம் ஆயிரம். கொஞ்ச மாசம் முன்னாடி நீங்க "2 மில்லி டன் இரும்புத்தாது ஏற்றுமதி"ன்னு தலைப்பே போட்டிருந்தீங்க. ஒரு மில்லி டன் கணக்குப்படி ஒரு கிலோ. 2 கிலோ இரும்புத்தாதை கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்கன்னு முதல் பக்க செய்தி. அதைப் பாத்து சிரிச்சுட்டுப் போயிடலாம்.

ஆனா மருத்துவப் பக்கத்துல அப்படி சிரிக்க முடியாது. தைராய்டு மாத்திரை பத்தி எழுதறப்ப "தினமும் 50 மி.கி."ன்னு வந்திருந்துச்சு. அது 50 மைக்ரோகிராம், மில்லிகிராம்ல 0.05. நீங்க போட்டது ஆயிரம் மடங்கு. எங்க அம்மா சாப்பிடறது அதே மாத்திரை, அட்டைல எம்சிஜின்னு, அதாவது மைக்ரோகிராம்னு போட்டிருக்கு. மைக்ரோவுக்கு மியூன்னு ஒரு கிரேக்க எழுத்து உண்டு, கையால அவசரமா எழுதினா அது அப்படியே எம் மாதிரி தெரியும், அந்த பயத்துலதான் மருந்துல எம்சிஜின்னு எழுதுங்கன்னு சொல்றாங்க. அவ்ளோ ஜாக்கிரதையா இருக்கற ஒரு விஷயத்தை நாம தமிழ்ல கொண்டு வந்து மி.கி.ல தள்ளிட்டோம்.

அந்த 50 மைக்ரோகிராமை நான் சர்வீஸ் பண்ற லேப் பேலன்ஸ்ல போட்டா சரியா பாதி படி தான் சார், மெஷின் சைபர்னு காட்டினாலும் காட்டும். மாத்திரைன்னு நாம கைல பிடிக்கறது பூரா வேற பொடி, மருந்து அதுக்குள்ள எங்கயோ கொஞ்சம். விட்டமின் டி-ல 60,000 யூனிட்னு பெருசா போடுவாங்க, 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம், அப்ப 60,000-ன்னா வெறும் 1.5 மில்லிகிராம், என் பேலன்ஸ்ல 15 படி. நம்பர் பெருசா இருந்தா எடை பெருசுன்னு ஆகாது.

அணுகுண்டு செய்தியும் ஒண்ணு. 15 கிலோ டன் குண்டுன்னு எழுதறீங்க, படிக்கறவன் குண்டோட எடைன்னு நினைக்கிறான். அது அவ்ளோ டிஎன்டிங்கற வெடிமருந்து வெடிச்சா வர்ற சக்தி, ஹிரோஷிமால போட்ட குண்டோட எடை 4.4 டன் தான். அந்த வெடிப்புல சக்தியா மாறின எடை ஒரு கிராம் கூட இல்ல, 0.7 கிராம் சொச்சம்.

50 மைக்ரோகிராம்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது, என் தொழில் சம்பந்தப்பட்டது, சொல்லாம இருக்க முடியல. உலகத்துக்கே இதான்டா கிலோன்னு ஒரு பிளாட்டினம் இரிடியம் உருளையை பாரிஸ் பக்கத்துல செவ்ரேங்கற ஊர்ல மூணு கண்ணாடி மூடிக்குள்ள வச்சிருந்தாங்க, 1889-ல இருந்து அதான் கிலோ. நூறு வருஷத்துல அதுக்கும் அதோட நகல்களுக்கும் நடுவுல 50 மைக்ரோகிராம் கிட்ட வித்தியாசம் வந்துடுச்சு. உருளை இளைச்சுதா நகல் பெருத்துதான்னு கூட சொல்ல முடியாது, ஏன்னா அதுதானே கிலோ, எதை வச்சு அதை எடை போடறது. 2 கோடில ஒரு பங்கு. நான் லாரி மெஷினுக்கு கொண்டு போற 20 கிலோ எடைக்கல்லுக்கு 1 கிராம் வரைக்கும் பிழை இருக்கலாம்னு விதியே சொல்லுது, அவங்க 50 மைக்ரோகிராமுக்கு தூக்கம் கெட்டுப்போனாங்க. 2018 நவம்பர் 16 பிரான்ஸ்ல வெர்சாய்ங்கற ஊர்ல நாடுகள் எல்லாம் கூடி ஓட்டு போட்டு, 2019 மே 20-ல இருந்து உருளையை விட்டுட்டு பிளாங்க் மாறிலிங்கற, இயற்பியல்ல என்னிக்கும் மாறாத ஒரு எண்ணை வச்சு கிலோவை வரையறுத்துட்டாங்க. அம்மா காலைல வெறும் வயித்துல முழுங்கற மாத்திரைல இருக்கற மருந்து எடை எவ்ளோவோ அவ்ளோ தான் வித்தியாசம், அதுக்கு இத்தன வேலை.

2022-ல படிக்கட்டை இன்னும் நீட்டிட்டாங்க, ரோன்னா குவெட்டான்னு மேலயும், ரோன்டோ குவெக்டோன்னு கீழயும். ரோன்னான்னா 1 போட்டு 27 சைபர், ரோன்டோன்னா ஒண்ணை அந்த 27 சைபரால வகுத்தது. பூமி 6 ரோன்னாகிராம், எலக்ட்ரான் 0.9 ரோன்டோகிராம். ஒண்ணுக்கு பெரிய ஆர், இன்னொண்ணுக்கு சின்ன ஆர். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஆர்ஜி, நடுவுல 54 சைபர். இப்பவே சொல்லி வச்சுடறேன்.

கேக்கறது ரொம்ப இல்ல. மைக்ரோகிராம்னு முழுசா எழுதுங்க, மருத்துவப் பக்கத்துல மட்டுமாவது. மி.டன் மெ.டன் ரெண்டையும் விட்டுட்டு லட்சம் டன் கோடி டன்னு போடுங்க, எங்க எல்லாருக்கும் புரியும். பிஜி மாதிரி எழுத்து மூலத்துல வந்தா அது பெருசா சிறுசான்னு ஒரு தடவ பாத்துட்டு ஆயிரம் கோடி டன்னு எழுதுங்க. இடம் பத்தலன்னு சொல்லாதீங்க, தைராய்டு மாத்திரைக்கு ஒரு திருத்தம் போட நாலு வரி இடம் கண்டிப்பா இருக்கும், அதை இன்னும் போடல.

அப்பா ரிப்போர்ட்ல 29-க்குப் பக்கத்துல பென்சிலால "சின்ன பிஜி"ன்னும், உங்க கட்டுரையை வெட்டி எடுத்து அதுல "பெரிய பிஜி"ன்னும் எழுதி ரெண்டையும் ஒரே கிளிப்ல மாட்டி ஃபைல்ல வச்சிருக்கார். அடுத்த செக்கப்புக்குப் போறப்ப டாக்டர் கிட்ட காட்டணுமாம். வேணாம்பான்னு சொன்னேன், கேக்கல.

இப்படிக்கு,
எடை மெஷின் சர்வீஸ் பண்ற ஒரு வாசகன்